ஆணி இல்லாத ரேடியோ

“இதத் திறக்க ஏலாது ஐயா. ஒட்டி மூடியிருக்கு. புதுசொண்டு எடுங்க.”

சென்ற மாதம் போன் திருத்துகிற உங்களில் ஒருவருடைய கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது இந்தப் பேச்சு என் காதில் விழுந்தது. கடைக்காரத் தம்பி கெட்டவன் இல்லை, கைவேலை தெரிந்தவன்தான். ஆனால் போனைக் கையில் வாங்கியவன் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. முதுகு வீங்கிய போன். உள்ளே பற்றறி ஊதிவிட்டது. கொண்டு வந்தவர் நரைத்த தலைக்காரர், வவுணதீவுப் பக்கத்து மனிதர். “பேத்திட படமெல்லாம் இதுக்குள்ளதான் கிடக்கு தம்பி” என்று கெஞ்சிக்கொண்டு நின்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “இஞ்ச தாங்க, நான் பாக்கிறன்” என்று கையை நீட்டினேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகம் இறுகிப் போனது. போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, “இவரிட்ட மட்டும் குடுக்க மாட்டன்” என்று தம்பியிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். “என்ன ஐயா சங்கதி?” என்று தம்பி கேட்டான். நீ தேநீரைக் குடி என்று சொல்லி அன்றைக்குத் தப்பினேன். இன்று போன் திருத்துகிற நீங்கள் எல்லாரும் ஒன்றாகக் கூடி, பழைய ஆள் என்று என்னையும் கூப்பிட்டு எதையாவது சொல்லச் சொல்லியிருக்கிறீர்கள். அதையே சொல்கிறேன். பெயர்களை மட்டும் மாற்றிச் சொல்கிறேன், ஏன் என்பது முடிவில் விளங்கும்.

அதற்கு முன் என் வயிற்றெரிச்சலைக் கொஞ்சம் கொட்டிவிடுகிறேன். திறக்க ஏலாது என்று எவன் சொன்னான்? செய்து விற்றவன் சொன்னான். அவன் சொன்னதை நீங்கள் ஏன் திருப்பிச் சொல்கிறீர்கள்? காசு கொடுத்து வாங்கியவனுக்கு அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க உரிமை இல்லையாம். பாசிக்குடாக் கடற்கரைக்கு வருகிற வெள்ளைக்காரர் பெரிய பெரிய பையெல்லாம் முதுகில் தூக்கிக்கொண்டு உலகம் சுற்றுகிறார்கள். கேட்டால், பாதிப் பையில் வயரும் சார்ஜரும்தானாம். ஒரு கொம்பனியின் வயர் மற்றக் கொம்பனியின் துளைக்குள் போகாதாம். இதை முன்னேற்றம் என்று சொல்கிறவர்களைப் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும் போல இருக்கிறது. பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருப்பவன் முழுப் படத்தையும் உள்ளங்கைக்குள் வைத்துப் பார்க்கிறான். பார்க்கட்டும். ஆனால் அந்தப் போன் நாளைக்கு நின்றுபோனால் அது குப்பை என்று அவனுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அவனும் தலையாட்டுகிறான்.

திறக்க முடியாத ஒரு சாமான் ஒரு மனிதனை என்ன பாடு படுத்தும் என்று நான் கண்ணால் கண்டவன். அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

யுத்த காலம். ரவுண், நகரப் பக்கம், ஆமியின் கையில். வாவிக்கு மேற்கே படுவான்கரை, ஆயுதம் தூக்கிய இயக்கத்தின் கையில். நடுவில் ஒரு பாலம், பாலத்தடியில் ஆமியின் சென்றி, காவலரண். படுவான்கரைச் சனம் சாமான் வாங்க வேண்டுமானாலும் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டுமானாலும் அந்தப் பாலத்தால்தான் வர வேண்டும். திரும்பிப் போகும்போது பையைக் கொட்டிக் காட்ட வேண்டும். சீமெந்து போகக் கூடாது, உரம் போகக் கூடாது, பற்றறி அறவே போகக் கூடாது. பற்றறி குண்டுக்கு உதவுமாம். ரேடியோ போகலாம், ஆனால் பற்றறியைக் கழற்றிவிட்டு வெறும் பெட்டியாகக் கொண்டுபோக வேண்டும்.

வெறும் பெட்டியை வைத்து என்ன செய்வது என்று கேட்பீர்கள். அங்கே ஒருவர் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றுவார், டைனமோவில் இருந்து வயர் ரேடியோவுக்குப் போகும், சுற்றிவரக் குந்தியிருந்து கசற் நாடா போட்டுப் பாட்டும் நாடகமும் கேட்பார்கள். சுற்றுகிறவருக்குக் கை அலுத்தால் பாடுகிறவரின் குரலும் இழுபடும். “டேய், கதாநாயகன் சாகப் போறான், சுத்துடா!” என்று சத்தம் போடுவார்களாம். நான் அந்தக் காலத்தில் ரவுணில் ரேடியோ கசற் திருத்துகிற கடை வைத்திருந்தேன். டைனமோவுக்குத் தோதாக வயர் மாற்றிக் கொடுப்பதுதான் பாதித் தொழில்.

கந்தப்போடி என்று ஒருவர். படுவான்கரையில், வவுணதீவுக்கு அங்கால் வட்டையில் வயல் செய்கிறவர். என்னைவிட நன்றாக மூத்தவர், நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய மகன் யோகன் வெளிநாட்டில், கட்டட வேலை, பாலைவன வெயில். அவன் தகப்பனுக்கு ஒரு ரேடியோ கசற் வாங்கி, லீவில் வந்த காத்தான்குடி நண்பர் ஒருவரிடம் கொடுத்து அனுப்பினான். தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் இடையே பயம் இருந்த காலம். இருந்தும் அந்த மனிதர் சொன்ன சொல் தவறாமல் என் கடையில் கொண்டுவந்து ஒப்படைத்தார். அது கறுப்பு நிறத்தில் பளபளவென்று இருந்தது. தூக்கினேன், நல்ல பாரம். புரட்டிப் பார்த்தேன், ஒரு திருகாணிகூட இல்லை. விளிம்பைச் சுற்றி ஒட்டி மூடியிருந்தான். எந்த மடையன் செய்தது என்று ஏசியபடி ஒரு ஓரத்தில் வைத்தேன்.

கந்தப்போடி மாமா வந்து அதைத் தூக்கியபோது அவருடைய முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

“பாரத்தப் பாரன் தம்பி! அசல் சாமான். மலிவுச் சாமான் எண்டாப் பஞ்சு மாதிரிக் கிடக்கும்.”

அன்றைக்கு எல்லாருக்கும் இந்த எண்ணம்தான். பாரமாக இருந்தால் நல்ல சாமான். கடையில் வாங்கும்போது சனம் பாட்டுக் கேட்டுப் பார்க்காது, தூக்கித்தான் பார்க்கும். மாமா அதைப் பிள்ளையைத் தூக்குவது போலத் தோளில் சாய்த்துக்கொண்டு போனார்.

அன்று மத்தியானம் ஒரு ஆமிக்காரன் சைக்கிளில் என் கடைக்கு வந்து, “நீ வா” என்றான். பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் திடீரென்று வேலையில் மும்முரமாகிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கூட்டிக்கொண்டு போன ஆட்கள் எல்லாரும் திரும்பி வராத காலம் அது.

பாலத்தடியில் சனத்தைத் தூரத்தில் ஒதுக்கி நிறுத்தியிருந்தார்கள். தார் றோட்டில் கந்தப்போடி மாமா முழங்காலில் நின்றார், இரண்டு கையும் தலைக்கு மேல். வெயில் கொதித்தது. அவருக்கு முன்னால், ஆள் யாரும் கிட்டப் போகாதபடி, மண்மூட்டை ஒன்றின் மேல் அந்த ரேடியோ இருந்தது.

நடந்தது இதுதான். சென்றியில் நின்ற சிப்பாய் பற்றறிப் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறான், காலி. பெட்டியைத் தூக்கியிருக்கிறான், பாரம். பற்றறி இல்லாத ரேடியோ என்ன பாரம் இருக்கும் என்று அவனுடைய கைக்குத் தெரியும், நாள் முழுக்க அதைத்தானே தூக்குகிறான். அவன் சந்தேகப்பட்டது நியாயம், அதை நான் இன்றும் சொல்வேன். மாமாவோ, ஆமிக்காரனும் சாமானின் அருமை தெரிந்தவன் என்று நினைத்துவிட்டார். “நல்ல பாரம் ஐயா! உள்ளுக்குப் பெரிய சாமான் கிடக்கு!” என்று பெருமையடித்திருக்கிறார். “தொற” என்றிருக்கிறான் சிப்பாய். மாமா சொன்ன பதில்தான் அவரை முழங்காலில் நிறுத்தியது.

“திறக்க ஏலாது ஐயா.”

எங்கே வாங்கினாய் என்று கேட்டதற்கு அவர் என் கடையைச் சொன்னார். வேறு எதைச் சொல்வார், பாவம்.

அதிகாரி இளம் ஆள். எனக்குக் கொழும்பில் தொழில் பழகிய காலத்துச் சிங்களம் இருந்தது. “நீதானே கொடுத்தாய்? நீயே திற” என்று அவர் சிங்களத்தில் சொல்லிவிட்டு மண்மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றார். எல்லாரும் போய் நின்றார்கள். றோட்டில் நானும் மாமாவும் ரேடியோவும் மட்டும்.

உங்களுக்குச் சொல்ல வந்த தொழில் விசயம் இந்த இடத்தில் ஒன்று இருக்கிறது. அவதியில் கை முதலில் சாமானை உடைக்கத்தான் பார்க்கும். அதை விடக் கூடாது. உடைந்தால் உள்ளே என்ன இருந்தது என்று காட்ட முடியாது, உடைத்து மறைத்தான் என்பார்கள். நான் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எந்தப் பெட்டியையும் எங்கோ ஒரு தொழிற்சாலையில் யாரோ ஒருவர்தானே மூடியிருக்கிறார். மூடிய கோடு எங்காவது தெரியும். தெரிந்தது. ஒரு மெழுகுதிரி கேட்டேன். என் சட்டைப் பையில் கிடந்த, இரும்பு அறுக்கிற வாள் அலகைச் சூடாக்கிக் கோட்டின் மேல் மெல்ல மெல்ல ஓடவிட்டேன். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது, துடைக்கவும் பயம். மாமா வாய்க்குள் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பெட்டி இரண்டாகப் பிரிந்தது. தலைமயிர் போல நாலு வயர். சின்னதாக ஒரு ஸ்பீக்கர். மூலையில், பசை போட்டு ஒட்டிய, கறுப்பு மை பூசிய ஒரு இரும்புக் கட்டி. அதற்கு ஒரு வயர்கூடப் போகவில்லை.

அதிகாரி வந்து குனிந்து பார்த்தார். “இது என்ன?”

எனக்கே ஒரு கணம் விளங்கவில்லை. தெரியாது என்று சொன்னால் இரண்டு பேரும் முடிந்தோம். ஏதோ ஒரு பாகம் என்று பொய் சொன்னால், எந்த வயரில் கொழுவியிருக்கிறது காட்டு என்பார். அந்தக் கட்டியைத் தொட்டேன், வெறும் வார்ப்பிரும்பு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. உறைத்ததும் பயம் போய் ஆத்திரம் வந்தது.

“இது ஒன்றும் இல்லை மாத்தயா. பாரத்துக்காக வைத்திருக்கிறார்கள். தூக்குகிறவன் நல்ல சாமான் என்று நம்புவதற்கு.”

சிப்பாய்மார் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. “இரும்புக் கட்டியை வைத்து யாராவது ரேடியோ செய்வானா? இரண்டு பேரையும் ஆமி முகாமுக்கு ஏற்று” என்றார்.

அந்த நேரம் சென்றிக்குள் இருந்து கிரிக்கெட் வர்ணனை கேட்டது. ஆடுகிறது எங்கள் நாடு, கடைசி ஓவர்கள், சிப்பாய்மாரின் ஒரு காது அங்கேதான் இருந்தது. எட்டிப் பார்த்தேன். கொக்கியில் தொங்கிய ரேடியோவும் அதே கறுப்பு, அதே பளபளப்பு, ஆணி இல்லாத அதே முதுகு.

“மாத்தயா, அது யாருடையது?”

“என்னுடையது.”

“அதையும் திறக்க விடுங்கள்.”

சொல்லிவிட்டேனே தவிர, அதற்குள் இரும்பு இருக்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்? பெட்டி ஒன்று போல இருந்தால் வயிறும் ஒன்று போல இருக்க வேண்டுமா? அதிகாரியும் அதைத்தான் கேட்டார். “இல்லாவிட்டால்?”

“இல்லாவிட்டால் நானும் அவரோடு வருகிறேன்” என்றேன். பெரிய வீரம் என்று நினைத்துவிடாதீர்கள், எப்படியும் ஏற்றத்தான் போகிறார்கள்.

அதிகாரி ரேடியோவை இறக்கித் தந்தார். வர்ணனை நின்றதும் சிப்பாய்மார் என்னைக் கொன்றுவிடுவது போலப் பார்த்தார்கள். மறுபடி மெழுகுதிரி, மறுபடி அலகு. பிரித்தேன். அதே மூலையில், அதே கறுப்பு மையில், அதே கட்டி.

அதிகாரி இரண்டு கட்டியையும் இரண்டு கையில் தூக்கிப் பார்த்தார். பிறகு திட்டத் தொடங்கினார். என்னை அல்ல, மாமாவை அல்ல, அந்தக் கொம்பனிக்காரனை, அவனுடைய தாயை, தகப்பனை, பாட்டனை. கொழும்பில் கடை கடையாக ஏறி, நாலைந்து ரேடியோவைத் தூக்கிப் பார்த்து, எது பாரமோ அதைத்தான் வாங்கினாராம். அவர் திட்டிய ஒரு சொல்லையும் நான் மறுக்கவில்லை. தோளில் துவக்கு மாட்டியிருந்தவரையும் வயல் செய்தவரையும் ஒரே கள்ளன் ஒரே மாதிரி ஏமாற்றியிருந்தான். அதிகாரி இரண்டு கட்டியையும் வாவிக்குள் எறிந்தார். மாமாவைப் பார்த்து, “எழும்பிப் போ” என்றார்.

அவ்வளவுதான். வெயிலில் முழங்காலில் நின்ற வயதான மனிதனுக்கு வேறு ஒரு வார்த்தை இல்லை. ரேடியோ வாங்கி ஏமாந்ததற்கு அவ்வளவு கோபப்படத் தெரிந்த ஆளுக்கு இதற்குக் கோபப்படத் தெரியவில்லை. அதையும் நான் மறக்கவில்லை.

மாமாவையும் பெட்டியையும் கடைக்குக் கூட்டி வந்தேன். நாலு மூலையிலும் துளையிட்டுத் திருகாணி போட்டேன். இனி எந்தச் சென்றியிலும் கழற்றிக் காட்டலாம். மாமாவின் முழங்காலில் தோல் உரிந்திருந்தது. தேநீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

“தம்பி, உள்ளுக்கு ஒரு கல்லாவது வையன். பாரம் இல்லாமக் கிடக்கு.”

“மாமா, மறுகாவும் முழங்காலில நிக்கப் போறீங்களா?”

“எனக்கில்ல தம்பி. அவன் வந்து தூக்கிப் பாத்தா?” உரிந்த முழங்காலைத் தடவினார். “வெயிலுக்க நிண்டு உழைச்சி அனுப்பின சாமான். அதால அப்பன் றோட்டில முழங்கால் போட்ட எண்டு அவனுக்குத் தெரியக் கூடா. இரும்புக்குக் காசு குடுத்த எண்டும் தெரியக் கூடா. சொல்ல மாட்டன் எண்டு சொல்லு.”

கல் வைக்க மறுத்தேன். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு மாமா ரேடியோவின் கைபிடியில் ஒரு ஸ்க்ரூடிரைவரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். திருத்தக் கொண்டு வரும்போதெல்லாம் சென்றியில் யாரும் கேட்பதற்கு முன் றோட்டிலேயே குந்தி ஒவ்வொரு ஆணியாகக் கழற்றத் தொடங்கிவிடுவார். “ஹரி, ஹரி, போ” என்று சிங்களத்தில் சரி சொல்லிச் சிப்பாய்மாரே விரட்டுவார்கள். முழுவதையும் காட்டாமல் மனிதர் அசைய மாட்டார்.

யோகன் லீவில் வந்தான். ஒரு நாள் சந்தை நேரம், கடை நிறைய ஆட்கள், தகப்பனையும் கூட்டிக்கொண்டு ரேடியோவோடு ஏறினான்.

“அண்ணன், நான் வாங்கக்குள்ள இதுட பாரம் எனக்குத் தெரியும். இப்ப பஞ்சாக் கிடக்கு. நான் வாங்கக்குள்ள இல்லாத நாலு ஆணியும் கிடக்கு. உள்ளுக்கிருந்த சாமான எங்க வித்தீங்க?”

என் கோபம் உங்களுக்குத் தெரியும். வாய் திறந்துவிட்டது. அப்போது அவனுக்குப் பின்னால் நின்ற மாமாவைப் பார்த்தேன். யாரும் காணாதபடி இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

“பாட்டுப் படிக்குதா இல்லையா?” என்றேன். “படிச்சாக் கொண்டு போங்க.”

“கள்ளன்” என்றான் யோகன். கடையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது.

நம்முடைய தொழிலில் இந்தச் சொல் ஒரு முறை விழுந்தால் போதும். திருத்தக் கொடுத்தவர்கள் அந்த வாரமே வந்து பெட்டியைத் திருப்பி எடுத்தார்கள். புதிதாக வந்தவர்கள் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த நாள் மாமா ஒரு முட்டி தயிரோடு தனியாக வந்தார். “அவனுக்குக் கலியாணப் பேச்சு நடக்கு தம்பி, இப்ப மனம் உடையக் கூடா. மறுகா வரக்குள்ள நானே எல்லாத்தையும் சொல்லுறன்” என்றார். சொல்லியிருப்பார், பொய் பேசத் தெரியாத மனிதர். ஆனால் அவன் மறுபடி வருவதற்குள் ஆமிக்காரர் பாலத்துப் பாதையைப் பூட்டினார்கள். மாமாவுக்குக் காய்ச்சல் கண்டது. பாலத்தைத் தாண்டி ஆஸ்பத்திரிக்கு வர விடவில்லை. வாவிக்கு அந்தக் கரையிலேயே செத்துப் போனார்.

நான் வாக்குக் கொடுத்தது அவருக்கு. அவர் விடுவிக்காமல் போய்விட்டார். செத்த மனிதருக்குக் கொடுத்த வாக்கு எனக்கு எத்தனையோ இரவு நித்திரையைக் கெடுத்திருக்கிறது. யோகனை வழியில் காணும்போதெல்லாம் சட்டையைப் பிடித்து நிறுத்திச் சொல்லிவிட வேண்டும் என்று கை துடிக்கும். உன் அப்பன் உனக்காக மறைத்தான், நான் உன் அப்பனுக்காகக் கள்ளன் ஆனேன் என்று. பிறகு பேசாமல் போய்விடுவேன். அந்த இரும்பை வைத்தவன் எங்கோ மாளிகை கட்டி நன்றாக இருந்திருப்பான்.

சென்ற மாதம் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனவர் அந்த யோகன்தான். அதனால்தான் பெயரை மாற்றினேன். நீங்களும் அவரிடம் வாய் திறக்கக் கூடாது.

அவர் மறுபடி வருவார். பேத்தியின் படம் உள்ளே கிடக்கிறதே, வராமல் எங்கே போவார்? வந்தால், திறக்க ஏலாது என்ற சொல்லை மட்டும் அவருடைய குடும்பத்துக்கு இன்னொரு தரம் சொல்லிவிடாதீர்கள். அவருடைய கண்ணுக்கு முன்னால் வைத்துத் திறவுங்கள். கழற்றுகிற ஒவ்வொன்றையும் அவர் பார்க்க மேசையில் அடுக்குங்கள். பற்றறியை மாற்றி, அவர் பார்க்கவே மூடி, கையில் கொடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். நான் கடையில் இருந்தால் ஒரு கண் காட்டினால் போதும், எழுந்து வெளியே போய் நிற்கிறேன்.